தொண்டைக் குழியில் சந்தனம்

கன்னியம்மாவின் கண்ணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேர் இருந்தது. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவள் அவள். சட்டையை உதறிப் போட்டு ஒரு பார்வை பார்ப்பாள். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிற காலர், எதுவும் அவளிடம் தப்பியதில்லை. மடித்துப் பெட்டியில் போட்ட சட்டையைக்கூட வெளியே எடுத்து, இதில் ஒரு பொத்தான் வேறு கலர் என்பாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேறாகத்தான் இருக்கும். "கன்னியம்மா பாத்துட்டா நான் பாக்க வேணாம்" என்று சூப்பர்வைசர் வீரராகவன் புதிதாகச் சேர்கிற பெண்களிடம் சொல்வார். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது. சம்பளம் ஏறாத இடத்தில் அதுவாவது ஏறட்டுமே.

வீடு ஆவடியை ஒட்டின கோவில்பதாகையில். கம்பெனி வேன் தெருவுக்குள் வராது. மெயின் ரோட்டு முனையில், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எதிரே ஒரு டீக்கடை. அதையொட்டி இரண்டு சவுக்குக் கம்பத்தில் எப்போதும் ஏதாவது ஒரு பேனர் கட்டியிருக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்த நாள், யாராவது போய்விட்டால் கண்ணீர் அஞ்சலி. அந்தப் புரட்டாசியில் இருந்தது கண்ணீர் அஞ்சலி. பைக்கில் போய் லாரியில் மாட்டிச் செத்த ஜெகன் என்ற பையனுக்கு அவன் சேக்காளிகள் வைத்தது. நடுவில் ஜெகன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பான், கீழே வரிசை வரிசையாகப் பேனர் வைத்தவர்களின் முகங்கள். வேன் வருகிற வரைக்கும் மனுஷி என்னத்தைப் பார்ப்பாள்? டீக்கடையைப் பார்ப்பாள், நாயைப் பார்ப்பாள், பேனரைப் பார்ப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். சரியாக விடியவில்லை, டீக்கடையில் பால்கூட வைக்கவில்லை. பின்னால் ஒரு பைக் வந்து, வழி கேட்கிற மாதிரி மெதுவாகி நின்றது. திரும்புவதற்குள் கழுத்தில் ஒரு கை விழுந்தது. தாலிச் செயினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், செயின் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது, அவள் முட்டி தேயக் கீழே விழுந்தாள். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் இருந்தவன் மட்டும், விழுந்தவள் எழுந்து கத்துகிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு திரும்பல்தான். அதற்கு மேல் அவள் எதையும் பார்க்கவில்லை.

புருஷன் துலுக்கானம் சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் லோடுமேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அவளை ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எஸ்.ஐ. இளங்கோ நல்ல மனுஷன். இதைச் சொல்லிவிடத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருத்தனைத் தேடினால் பைக்கில் போன இரண்டு பேரைத் தவிர யாரும் அகப்பட மாட்டார்கள், அந்த இரண்டு பேரும் இன்றைக்கு வரைக்கும் அகப்படவில்லை. இளங்கோ அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டாயிற்றா என்று கேட்டார். அப்புறம் கேட்டார்.

"மூஞ்சியப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். எங்கியோ பாத்த மூஞ்சி சார் அது."

"எங்கியோன்னா? உங்க ஏரியாப் பையனா?"

"அப்டித்தான் தோணுது சார். டெய்லி பாக்கற மூஞ்சி மாதிரி கீது."

கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் அந்த முகம் நன்றாகவே வந்தது. மாநிறம், இருபது இருபத்திரண்டு வயது, ஒழுங்காக வாரின தலை. "அப்புறம் சார், இங்க, தொண்டைக் குழில சந்தனம் வச்சினு இருந்தான்."

இளங்கோ ஏட்டையாவைத் திரும்பிப் பார்த்தார். "சந்தனம் வரைக்கும் கவனிச்சிருக்காங்க. எழுதுங்க."

"நான் செக்கிங்ல கீறேன் சார்" என்றாள் கன்னியம்மா. கழுத்து எரிந்துகொண்டிருந்தது, தாலி போயிருந்தது, அப்போதும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இளங்கோ தன் போனை எடுத்தார். ஆடி மாசம் கூழ் ஊற்றின அன்றைக்கு இராத்திரி பாட்டுக் கச்சேரியில் ஒரு தள்ளுமுள்ளு நடந்தது. ஏரியாப் பையன்களை அள்ளிக்கொண்டு வந்து, சுவரோரம் நிற்க வைத்து ஒவ்வொருத்தனையும் படம் பிடித்து, எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். ஒன்றில் அவள் கை வைத்தாள்.

"இவன் மாதிரி கீது சார்."

"மாதிரியா, இவனா?"

"மூஞ்சி இத்த மாதிரிதான். சந்தனம் இல்ல."

"ஸ்டேஷன்ல எடுத்த படத்துல சந்தனம் எங்கம்மா இருக்கும்?" அவர் சிரித்தார். மற்ற படங்களை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் விரலால் பெரிதாக்கி அவள் கையிலேயே கொடுத்தார். "அவசரமே இல்ல. நல்லாப் பாருங்க."

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம். பாதி முகம் நிழல். பெரிதாக்க ஆக்க எல்லாம் கலங்கியது, ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. கண்ணை மூடினால் வந்த முகமும் கையில் இருந்த முகமும் ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டன. "இவன்தான் சார்" என்றாள்.

"வெரி குட்மா" என்றார் இளங்கோ. ஏட்டையா எழுதியதில் 'மாதிரி' இல்லை. மாதிரி என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது என்று அவருக்குத் தெரியும், சர்வீஸில் பழுத்தவர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளாமலே சொல்லிவிடத் தமிழில் இருக்கிற ஒரே நல்ல வார்த்தை அது. அன்றைக்கு அது மேஜைக்கு அடியில் விழுந்தது, குனிந்து எடுக்க ஆளில்லை.

படத்தில் இருந்தவன் பேர் அருள். ஏரிக்கரைப் பக்கம் வீடு. ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ் முடித்து, அடுத்த மாசத்தில் வேலைக்குச் சேர இருந்தவன். அப்பா இல்லை. அம்மா பொன்னியம்மா ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்குத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான். விடியற்காலையில் எல்லாரும் தூங்கத்தான் தூங்குகிறார்கள், அதற்குச் சாட்சி வைத்துக்கொண்டு தூங்குகிறவன் எவன்? செயின் அவனிடம் இல்லை. விற்றுத் தின்றிருப்பான் என்றார்கள். முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டி ரிமாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடையாள அணிவகுப்பு ஜெயிலுக்குள்ளே நடக்கும் என்று கன்னியம்மாவுக்குச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் இளங்கோ வீட்டுக்கே வந்து, போனைத் திறந்து அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டினார். "அங்க போய்த் தடுமாறக் கூடாது பாருங்க. மாஜிஸ்திரேட் மேடம், போலீஸ் போட்டோ எதுவும் காட்டினாங்களானு கேப்பாங்க. காட்டலன்னு சொல்லிடுங்க. அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி." கன்னியம்மாவுக்கு அது பொய்யாகவே படவில்லை. ஆள் அவன்தான் என்று தெரிந்த பிறகு போட்டோ பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன?

அந்த மாஜிஸ்திரேட் மேடத்துக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. போலீஸ்காரர் ஒருத்தரைக்கூட உள்ளே விடவில்லை. அருளின் வயசு, அருளின் உயரம், அருளின் நிறம் பார்த்துப் பார்த்து ரிமாண்டில் இருந்த பையன்களைத் தானே பொறுக்கி வரிசையில் நிற்க வைத்திருந்தாள். அவனுக்கு இஷ்டமான இடத்தில் நிற்கலாம் என்று சொல்லியிருந்தாள். எல்லார் இடது புருவத்தின் மேலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று கன்னியம்மா கேட்கவில்லை. ஜெயிலில் ஏதோ வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க பாத்த ஆள் இதுல இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று மேடம் நிதானமாகச் சொன்னாள். "தெரியலன்னா தெரியலன்னே சொல்லலாம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இதுக்கு முன்னாடி போலீஸ்ல யாராவது இவங்க போட்டோ காட்டினாங்களா?"

"இல்ல மேடம்."

வரிசையில் நடந்தாள். பாதி வரிசையிலேயே அவன் நின்றான், அவன் தோளைத் தொட்டாள். வெளியே போகச் சொல்லி, ஆட்களை இடம் மாற்றி, சட்டையை மாற்றி மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி தொட்டாள். இன்னொரு தடவையும் தொட்டாள். கடைசித் தடவை தொட்டபோது அந்தத் தோள் நடுங்கியது கைக்குத் தெரிந்தது. குற்றம் செய்தவனுக்கு நடுங்கத்தானே செய்யும் என்று நினைத்தாள். வெளியே வந்ததும் இளங்கோ கைகூப்பினார். மூன்று தடவையும் ஒரே ஆள் என்று ஸ்டேஷன் முழுக்கப் பேச்சு, கம்பெனியிலும் பேச்சு. "நம்ம கன்னியம்மா கண்ணுன்னா சும்மாவா" என்றார் வீரராகவன்.

அந்த வாரமே பொன்னியம்மா அவள் வேன் ஏறுகிற முனைக்கு வந்தாள். சண்டை போட வருகிறாள் என்றுதான் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. கன்னியம்மா எதிரில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் புள்ளைய நீ எங்கமா பாத்த?"

"இங்கதான். இந்த எடத்துலதான்" என்றாள் கன்னியம்மா. மஞ்சள் கயிறு கட்டியிருந்த கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "உன் புள்ள பண்ண வேலைதான் இது."

"நல்லா யோசிச்சி சொல்லு. எங்க பாத்த?"

வேன் வந்துவிட்டது. கன்னியம்மா ஏறி உட்கார்ந்துகொண்டாள். பொன்னியம்மாவால் அதற்கப்புறம் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சென்னீர்குப்பத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று துலுக்கானம் வந்து சொன்னான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குளிக்கிற மறைப்பு ஓலை, காற்றில் பிய்ந்து போனது. டீக்கடையில் சுருட்டி வைத்திருந்த அந்தப் பழைய ஜெகன் பேனரைத் துலுக்கானம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஓலை இருந்த இடத்தில் இழுத்துக் கட்டினான். செத்த பையன் முகம் வீட்டைப் பார்க்க வேண்டாம் என்று படம் போட்ட பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினான். நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கன்னியம்மா குளிக்க உட்கார்ந்தாள். சோப்பு நுரையை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே, அவள் முகத்துக்கு நேராக, கீழ் வரிசையில் நான்காவதாக அருள் இருந்தான். மாநிறம், ஒழுங்காக வாரின தலை. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம்; பட்டுச் சட்டை, மேல் பொத்தான் திறந்து, தொண்டைக் குழியில் சந்தனம். வருகிறவர்களுக்கு வாசலில் தட்டில் எடுத்துக் கொடுப்பார்களே, அந்தக் கல்யாணச் சந்தனம்.

தண்ணீர் ஊற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். பால்கூட வைக்காத நேரத்தில் செயின் அறுக்க வருகிறவன் கழுத்தில் சந்தனம் பூசிக்கொண்டா வருவான்? அந்த ஒரு கேள்வியை அவள் கேட்டிருக்கலாம், இளங்கோ கேட்டிருக்கலாம், ஏட்டையா கேட்டிருக்கலாம். செயின் பறித்த இடத்தைக் கேஸுக்காக வரைபடம் போட வந்த இளங்கோ இந்தப் பேனரின் நிழலில் நின்றுதான் வரைந்தார். பைக்கில் திரும்பினவன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது அவள் எவ்வளவு முட்டிப் பார்த்தும், பட்டுச் சட்டையோடு பேனர்க்காரன்தான் திரும்பினான். உண்மையில் திரும்பினவனுக்கு முகமே இல்லை. எங்கே பாத்த என்று பொன்னியம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஈரத் துணியோடு வெளியே வந்து, துலுக்கானத்திடம் சொன்னாள்.

"யோவ், நான் ஒரு புள்ளையக் கெடுத்துட்டேன்யா."

துலுக்கானம் பேனரைப் பார்த்தான். "கம்னு இரு. இத்த போயி யாராண்டயும் சொல்லினு இருக்காத" என்றான். அவன் சொல்லில் பயம்தான் இருந்தது, வேறெதுவும் இல்லை.

அவள் கேட்கவில்லை, ஸ்டேஷனுக்குப் போனாள். இந்தத் தடவையும் இளங்கோ நாற்காலி போடச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, மெதுவாக, "யார்மா வந்து மிரட்டினது?" என்றார்.

"யாரும் இல்ல சார்."

"அந்தப் பையனோட அம்மா வந்து உங்களப் பாத்துச்சுனு தெரியும். அழுதிருக்கும். உங்களுக்கு மனசு எளகியிருக்கும். எல்லா சாட்சிக்கும் இப்டி ஒரு கொழப்பம் வரும்மா. கோர்ட்டு வரைக்கும் போனா சரியாயிடும்."

"சார், சந்தனம் சார். அது பேனர்ல கீது."

"கீதுன்னா? அவன் கழுத்துலயும் இருந்துருக்கும். சந்தனம் வக்கிற பழக்கம் உள்ளவன்னு ஆச்சு, அவ்ளோதான்." அவர் குரல் மாறவில்லை. "நீங்க போட்டோவே பாக்கலன்னு மாஜிஸ்திரேட்டாண்ட சொல்லிருக்கீங்க. இப்ப மாத்திச் சொன்னா பொய்சாட்சின்னு உங்க மேலதான் கேஸ் வரும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

திரும்பி வந்தாள். அதற்கப்புறம் பல மாசம் ஒன்றும் செய்யவில்லை. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அருளுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது, அப்பாடா என்று ஒரு நாள் நன்றாகத் தூங்கினாள். ஆனால் வேலை கெட்டுப்போனது. சட்டையை உதறிப் போட்டால் பார்த்தது பார்த்ததுதானா என்று சந்தேகம் வந்தது. ஒரே காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள், டேபிளில் சட்டை மலையாய்க் குவிந்தது. வீரராகவன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அட்டைப்பெட்டி ஒட்டுவதற்குக் கண் எதற்கு?

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தபோது முடிவு பண்ணிவிட்டாள். பேனரிலிருந்து அந்த முகத்தை மட்டும் கத்திரியால் வெட்டி, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனாள்.

எந்த வராண்டா, எந்த அறை என்று ஒன்றும் புரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் கேட்டாள். எங்கேயோ வேண்டுதலுக்கு மொட்டை போட்டு அரைகுறையாக முடி முளைத்திருந்த தலை, ஒட்டின கன்னம், இடது புருவத்தை இரண்டாக அறுத்துக்கொண்டு ஒரு தழும்பு.

"தம்பி, ஆவடி கேஸுலாம் இங்கதான் கூப்புடுவாங்களா?"

அவன் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "ஆமாக்கா" என்று நகர்ந்து இடம் விட்டான். "உக்காரு."

உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு மனுஷன் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல தம்பி. ஒரு பையன நான் தப்பாக் காட்டிக் குடுத்துட்டேன். பேனர்ல பாத்த மூஞ்சியப் போயி, திருடன்னு சொல்லிட்டேன். இன்னிக்கி உள்ள போயி உண்மைய சொல்லிடணும். சொன்னா என்ன உள்ள போட்ருவாங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெர்லக்கா" என்றான் அப்புறம். "ஆனா சொல்லிடு. பயப்படாத சொல்லு." எழுந்து போய்க் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தான். நல்ல பிள்ளை என்று நினைத்தாள். கதவருகே நின்ற கோர்ட் டூட்டி கான்ஸ்டபிள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

பேர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்று, எதிர்க் கூண்டைப் பார்த்தாள். அங்கே நின்றது பெஞ்சில் இருந்த பையன். ஏன் இவன் அங்கே நிற்கிறான் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எதிரில் நிக்கிறவர்தான உங்க செயினைப் பறிச்சது?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"இல்ல சார்." எல்லாவற்றையும் சொன்னாள். பேனர், சந்தனம், போன், ஜெயிலில் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. மஞ்சப்பையிலிருந்து வெட்டின துண்டை எடுத்து நீட்டினாள். அரசு வக்கீல் அதைத் தொடக்கூட இல்லை. பிறழ் சாட்சியாக அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார், ஜட்ஜ் தலையாட்டினார்.

"போட்டோ பாக்கலன்னு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது பொய்?"

"ஆமா சார்."

"அப்ப பொய் சொல்ற பழக்கம் உண்டு." கான்ஸ்டபிள் எழுந்து வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் முகம் மலர்ந்தது. "சரி. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வெளிய பெஞ்சில இந்த எதிரியோட உக்காந்து பேசிட்டிருந்தீங்களா இல்லையா?"

"பேசினேன் சார். ஆனா அது இவர்னு எனக்குத் தெரியாது சார்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ்கூடப் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு தடவை மாத்தி மாத்தி நிக்க வெச்சும் தொட்டுக் காட்டினவங்க நீங்க. பக்கத்துல உக்காந்து, அவர் குடுத்த தண்ணியையும் குடிச்சிருக்கீங்க. அடையாளம் தெரியலையா?"

"தெரியல சார். அந்தப் பையனுக்குத் தழும்பு கெடையாது சார். இவருக்குத் தழும்பு கீது."

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவள் வாழ்க்கையிலேயே அதைவிட நேர்மையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்குக் கண்ணே இல்லை என்று நடுச் சபையில் நிரூபித்துக் காட்டினாள், அதை ஒருத்தரும் நம்பவில்லை. பணம் வாங்கிக்கொண்டு நடிக்கிறாள், நடிப்பும் சரியாக வரவில்லை என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. அருளின் வக்கீலிடம் பேனர்த் துண்டை நீட்டினாள். "அதெல்லாம் வேணாம்மா" என்றார் அவர் மெதுவாக. "நீங்க மாத்திச் சொன்னீங்க பாருங்க, அதுவே போதும்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. மெட்ரோவுக்குக் கட்டின தூண் ஒன்றின் கீழே அவள் ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான். பக்கத்தில் வராமல் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"உன்னாண்ட பேசவே கூடாதுனு வக்கீல் சொல்லினு இருந்தாரு" என்றான். "நீயே வந்து உக்காந்த. மொதல்ல நீ நடிக்கிறன்னு நெனைச்சேன். அப்புறம்தான் நெசமாவே தெர்லன்னு தெரிஞ்சிது."

"தம்பி, விட்ருவாங்க இல்ல உன்ன?"

"விட்ருவாங்களாம். சாட்சி மாறிடுச்சினு விட்ருவாங்களாம்." அவன் ரோட்டைப் பார்த்துச் சொன்னான். "நான் பண்ணலன்னு எங்கியும் எழுத மாட்டாங்க. சாட்சிய வாங்கிட்டான்னு ஊர்ல சொல்வாங்க. கம்பெனில அந்த வேலைக்கு வேற ஆள் போட்டாச்சி. எங்கம்மா கோவில்பதாகைக்கு வரவே மாட்டேன்னுது."

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள், வாயில் வந்தது வேறு.

"இந்தத் தழும்பு ஜெயில்ல ஆச்சா தம்பி?"

"இல்லக்கா. அஞ்சாவது படிக்கசொல்ல ஏரில குதிச்சேன். கல்லு கிழிச்சிடுச்சி."

"பேனர்ல இல்லியே."

"போட்டோ கடைக்காரன் அழிச்சிட்டான். அவன் எல்லார் மூஞ்சியயும் வெள்ளையா வழவழன்னு ஆக்கித்தான் குடுப்பான்."

"அப்ப ஜெயில்ல நான் உன்னத் தொடசொல்ல..." என்று தொடங்கினவள் நிறுத்தினாள். வரிசையாக நின்ற அத்தனை பேர் புருவத்திலும் ஒட்டியிருந்த பிளாஸ்டர் இப்போது ஞாபகம் வந்தது.

"அதான்க்கா" என்றான் அருள். "எனக்கு மட்டும் தழும்பு கீது, அத்த வெச்சி நீ சுளுவா என்னக் காட்டிடக் கூடாதுன்னு, அந்த மேடம் எல்லாருக்கும் ஒட்டச் சொன்னாங்க. என் நல்லதுக்குத்தான். ஒட்டாம உட்ருந்தா, இவன் இல்லன்னு சொல்லிருப்ப."

அவன் இரண்டு எட்டு முன்னால் வந்து, அவளுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீரும் இல்லை, கோபம் என்று சொல்லும்படியும் இல்லை. "இப்பவாச்சும் ஒரு தபா நல்லாப் பாத்துக்கோக்கா" என்றான்.

அவள் பார்த்தாள். ஆவடி பஸ் வந்தது. அவன் போய் ஏறுகிற கூட்டத்தில் கலந்தான். தூறலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஏறினவர்களில் எது அவன் என்று கன்னியம்மாவுக்குத் தெரியவில்லை.